மாட்டுக்கொட்டகைக்குள் ஒரு சுவர்: அகியோ நொகுச்சியின் 16 ஆண்டுகள்

டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணத்தில் ரியுகசாக்கி என்று ஓர் ஊர். அங்கே கறவை மாடு வளர்த்துப் பால் விற்கும் குடும்பத்தில் 1989 மே 30 அன்று பிறந்தவர் அகியோ நொகுச்சி. 11 வயதில் குடும்பத்தோடு குவாம் தீவுக்குச் சுற்றுலா போனபோது, அங்கிருந்த விளையாட்டுக்கூடத்தில் ஏறும் சுவர் ஒன்றில் முதன்முதலாகக் கை வைத்தார். ஊர் திரும்பிய பிறகும் அந்த நினைப்பு விடவில்லை. மகளின் ஆசையைப் பார்த்த அப்பா, மாடு கட்டாமல் சும்மா கிடந்த கொட்டகைக்குள் பலகை அடித்து, அதில் பிடிகளைத் திருகி, ஒரு சுவரையே கட்டிக்கொடுத்துவிட்டார்.

பின்னாளில், கயிறில்லாமல் குட்டைச் சுவர் ஏறும் போல்டரிங் விளையாட்டின் உலகக்கோப்பைச் சுற்றுகளில் 21 முறை முதலிடம் பிடித்தவர், ஆண்டு முழுவதற்குமான பட்டத்தை 4 முறை வென்றவர், ஒலிம்பிக் பதக்கத்தோடு விடைபெற்றவர் அந்தக் கொட்டகையில்தான் உருவானார். பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு ஒன்று. 2005இல் உலக மேடை ஏறியவர் 2021 வரை அதிலேயே நின்றார். இந்த 16 ஆண்டுகளில் போல்டரிங் விளையாட்டு அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியது. நேற்றுவரை கற்றதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டிய நிலை அவருக்குப் பலமுறை வந்தது. தொழில்முறை போல்டரிங் வீரரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, அவரைப் பின்தொடர்ந்து போவதே நல்ல வழி.

முதலில் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். போல்டரிங்கில் கயிறு கிடையாது. நான்கு, நாலரை மீட்டர் உயரச் சுவர், கீழே தடித்த மெத்தை. காலில் விரல்களை நெருக்கிப் பிடிக்கும் ரப்பர் ஷூ, கையில் வியர்வையை உறிஞ்சும் வெள்ளைப் பொடி. அவ்வளவுதான் கருவி. பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோந்தேன்புளோ காட்டில் கிடக்கும் மணற்பாறைகளில் மலையேறிகள் பயிற்சிக்காக ஏறி இறங்கிப் பழகினார்கள். பயிற்சியே மெல்ல மெல்லத் தனி விளையாட்டாகிவிட்டது. 1999இல் இதற்கு உலகக்கோப்பை தொடங்கியது. சுவரில் பிடிகளால் அமைக்கும் ஒவ்வொரு பாதையையும் ஏறுகிறவர்கள் 'பிராப்ளம்' என்பார்கள். நாம் புதிர் என்று சொல்லலாம், அதுதான் பொருத்தமும்கூட. எட்டு, பத்து அசைவுகளில் முடிந்துவிடும் பாதை. ஆனால் எந்தக் கையை எங்கே, எந்தக் காலை எப்போது என்று கண்டுபிடிக்காமல் முதல் அசைவைத் தாண்ட முடியாது.

போட்டியில் அந்தப் புதிரை யாரும் முன்கூட்டியே பார்த்துவிடக் கூடாது. இதற்காக வீரர்களைத் தனி அறையில் அடைத்து வைப்பார்கள். கைபேசி கிடையாது, வெளியில் யார் ஏறினார், யார் விழுந்தார் என்ற சேதியும் கிடையாது. கூட்டத்தின் ஆரவாரம் மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும். அதை வைத்து எதையாவது ஊகிக்கப் போனால் மனசு கெடும். அதனால் அனுபவசாலிகள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அரையிறுதியில் 20 பேருக்கு நான்கு புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். இறுதிச்சுற்றில் ஆறே பேர், மறுபடி நான்கு புதிர்கள், ஆனால் தலா 4 நிமிடம்தான். அகியோவின் காலம் முழுக்க ஏறக்குறைய இந்த அமைப்புதான் இருந்தது.

அந்த 4 நிமிடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெயர் அழைத்ததும் வீராங்கனை மெத்தை மேல் வந்து நிற்கிறார். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சுவரை நிமிர்ந்து பார்த்தபடி இரண்டு கைகளையும் காற்றில் அசைத்து, ஏறாமலேயே ஒருமுறை ஏறிப் பார்க்கிறார். இடது கை அந்த வளைந்த பிடியில், வலது குதிகால் இந்த விளிம்பில், அப்புறம் ஒரு தாவல். முந்தையவரின் பொடி அப்பிய பிடியை நீளக் கழி கட்டிய தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார். ஏறுகிறார். மூன்றாவது அசைவில் விழுகிறார். 40 விநாடி போய்விட்டது. உடனே மறுபடி ஏறினால் முன்கை இறுகிப்போய் பிடி நழுவும்; காத்திருந்தால் நேரம் கரையும். ஒவ்வொரு முயற்சியும் விரல் நுனித் தோலில் ஒரு படலத்தை உரித்துக்கொண்டு போகும், இன்னும் மூன்று புதிர்கள் மிச்சம் இருக்கின்றன. அந்தப் பாதைதான் தப்பா, பாதை சரி, உடம்பு வைத்த விதம்தான் தப்பா? இதற்கு அவர் மெத்தையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளர் யாரும் பக்கத்தில் வர முடியாது.

அகியோவின் காலத்தில், எத்தனை புதிர்களின் உச்சியைப் பிடித்தார் என்பதே முதல் கணக்காக இருந்தது. நடுவில் இருக்கும் 'ஸோன்' பிடியை எட்டினால் அதற்கும் மதிப்பு இருந்தது. சமமாக வந்தால் யார் குறைந்த முயற்சியில் முடித்தார் என்று பார்த்தார்கள். முதல் முயற்சியிலேயே உச்சியைத் தொடுவதற்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர். போல்டரிங்கில் அதைவிட அழகான காட்சி இல்லை.

சரி, அகியோவிடம் வருவோம். 2005இல் ஜெர்மனியின் மியூனிக்கில் உலக சாம்பியன்ஷிப். கயிறு கட்டி உயரமாக ஏறும் 'லீட்' பிரிவில் 16 வயது அகியோ வெண்கலம் வென்றார். அதே ஆண்டு ஜப்பானில் போல்டரிங்குக்கென்று தேசியப் போட்டி முதன்முதலாக நடந்தது. அந்த முதல் போட்டியிலிருந்து தொடர்ந்து 9 முறை பட்டம் அவருக்குத்தான். உள்ளூரில் ஈடு இல்லாமல் போனவர், வெளியே போட்டியைத் தேடிப் போனார். 2008இல் பிரான்சின் மோந்தோபான் நகரில் நடந்த உலகக்கோப்பைச் சுற்றில் முதலிடம். போல்டரிங் உலகக்கோப்பையில் ஒரு ஜப்பானியப் பெண் வென்றது அதுவே முதல் முறை. அந்த வெற்றிக்குப் பிறகு கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இதுதான் இனி தொழில் என்று முடிவு செய்தார்.

2008இல் அப்படி ஒரு முடிவு எடுப்பது எவ்வளவு துணிச்சல் என்பதை இன்று உணர்வது கடினம். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு கிடையாது. தொலைக்காட்சியில் காட்ட மாட்டார்கள். உலகக்கோப்பைச் சுற்று ஒன்றை வென்றால் கிடைக்கும் பரிசு சில ஆயிரம் யூரோ. ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்வரும் விமானச் செலவு, தங்கும் செலவு எல்லாம் கழித்தால் மிச்சம் பார்ப்பது அரிது. ஸ்விட்சர்லாந்தின் மைரிங்கன், அமெரிக்காவின் வெய்ல், மியூனிக், சீனாவின் சோங்சிங் என்று வசந்தத்திலிருந்து கோடை முடியும்வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். (2016, 2017 இரண்டு ஆண்டும் நவி மும்பையிலும் ஒரு சுற்று நடந்தது, நம் ஊர்ப் பத்திரிகைகளில் அது ஒரு மூலைச் செய்தியாகக்கூட வராமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்.) அதனால் தொழில்முறை வீரரின் வருமானம் பெரும்பாலும் விளம்பர ஆதரவில்தான். ஷூ செய்கிற நிறுவனம், உடை செய்கிற நிறுவனம், அதற்கு மேல் சொந்த நாட்டின் பெரிய நிறுவனம் ஏதாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆதரவு வேண்டுமென்றால் பெயர் வேண்டும், பெயர் வேண்டுமென்றால் ஒவ்வொரு வாரமும் இறுதிச்சுற்றில் ஆறு பேரில் ஒருவராக நிற்க வேண்டும். ஒரு பருவம் முழுக்கக் காயத்தால் உட்கார்ந்துவிட்டால் ஒப்பந்தமும் உட்கார்ந்துவிடும்.

அகியோ அப்படி உட்காரவில்லை. 2009, 2010 இரண்டு ஆண்டும் போல்டரிங் உலகக்கோப்பையின் ஆண்டுப் பட்டம் அவருக்கு. அடுத்த மூன்று ஆண்டுகள் ஆஸ்திரியாவின் அன்னா ஷ்டோர் அதைப் பறித்துக்கொண்டார். 2014, 2015இல் அகியோ மறுபடி வென்றார். நடுவில் வந்த அந்த மூன்று ஆண்டுகளைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். உச்சியில் இருந்து இறங்கிய பிறகு, அதே இடத்துக்கு அதே உடம்போடு திரும்பி ஏறுவது எந்த விளையாட்டிலும் லேசான காரியம் இல்லை.

அதிலும் போல்டரிங் உடம்பை வாட்டும் விளையாட்டு. விரல் எலும்போடு தசைநாணைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய வளையங்கள் உண்டு. நம் தூண்டில் கழியில் நரம்பு நழுவாமலிருக்க வளையம் மாட்டியிருப்பார்களே, அது மாதிரி. விரல் நுனி மட்டும் பதியும் விளிம்பில் முழு எடையையும் தொங்கவிடும்போது அந்த வளையம் சில சமயம் 'டப்' என்ற சத்தத்தோடு அறுந்துவிடும். ஆற மாதக்கணக்கில் ஆகும். தோள், முழங்கால், கணுக்கால் என்று மற்றவை தனி. ஒவ்வொரு முயற்சியும் விழுவதில்தான் முடியும் என்பதால், விழுவதையே ஒரு கலையாகப் பழக வேண்டியிருக்கிறது. தோலைப் பராமரிப்பது இன்னொரு அன்றாட வேலை: காய்த்துப்போன இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்வது, இரவில் களிம்பு பூசுவது. போட்டிக்கு முந்தைய நாள்களில் தோல் கிழிந்துவிடக் கூடாதே என்று பாத்திரம் கழுவுவதைக்கூடத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு எடைப் பிரச்சினையும் சேரும். தன் எடையைத் தானே தூக்கும் விளையாட்டில், எடை குறைந்தால் பிடி நிற்கும் என்ற கணக்கு இளம் வீரர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டினால் எலும்பு தேய்கிறது, மாதவிடாய் நின்றுபோகிறது, காயம் ஆறுவதில்லை. பல ஆண்டுகள் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் உரக்கப் பேசாத விஷயம் இது. 2023இல் சர்வதேச ஏற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவிலிருந்த மருத்துவர்களே, போதிய நடவடிக்கை இல்லை என்று சொல்லி விலகினார்கள். ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் போன்ற முதல்நிலை வீராங்கனைகளும் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே, 2024இல், உடல்நலச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதிகள் வந்தன. இவ்வளவு தாமதமாக வந்திருக்கவே கூடாது.

அகியோவுக்கு வந்த பெரிய சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. புதிர்களை அமைப்பவர்களை 'ரூட் செட்டர்' என்பார்கள். அகியோ வளர்ந்த காலத்தில் அவர்கள் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: முன்னோக்கிச் சாய்ந்த சுவர், சின்னப் பிடிகள், விரலில் பலம் இருக்கிறதா? அகியோவிடம் அது நிறைய இருந்தது. கூடவே, இடுப்பைச் சுவரோடு ஒட்டி, காலை எங்கோ உயரத்தில் வைத்து, அவசரமில்லாமல் நகரும் உடல் நெகிழ்வும் இருந்தது. 2010களின் நடுவில் கேள்வித்தாளே மாறியது. பிடியே இல்லாத பெரிய பெரிய முக்கோணக் கட்டைகள் சுவரில் முளைத்தன. ஓடி வந்து ஒரு கட்டையை மிதித்து, அடுத்ததில் கால் வைத்து, நிற்காமல் தாவி மூன்றாவதைப் பிடிக்க வேண்டும். கைகால் எல்லாம் ஒரே தாளத்தில் வேலை செய்தால்தான் நடக்கும். நிதானமாக யோசித்து நகர இடமே கிடையாது. பார்ப்பவர்களுக்கு இது விருந்து. பழைய பாணியில் வளர்ந்தவர்களுக்கோ இது வேற்று மொழி.

2016, 2017 ஆண்டுப் பட்டங்கள் பிரிட்டனின் ஷானா காக்ஸியிடம் போயின. அகியோ விடைபெறுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. 2016 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏற்ற விளையாட்டும் உண்டு என்ற அறிவிப்பு வந்தது. சொந்த நாட்டில், வீட்டுக்கு அருகில், தன் வாழ்நாளில் நடக்காது என்று நினைத்திருந்த ஒன்று. விலகாமல் இருக்கலாம் என்று முடிவு செய்தார். சும்மா இருந்துவிடவும் இல்லை: தன்னைவிட எட்டு, பத்து வயது இளையவர்களோடு சேர்ந்து தாவல்களைப் பழகினார். 2018இல் சீனாவின் சோங்சிங், டாய்ஆன், ஜப்பானின் ஹச்சியோஜி என்று தொடர்ந்து மூன்று உலகக்கோப்பைச் சுற்றுகளை வென்றபோது அவருக்கு வயது 29ஐத் தொட்டிருந்தது. அந்த ஆண்டுப் பட்டம் கடைசிச் சுற்றுவரை இழுத்து, இன்னொரு ஜப்பானியரான மிஹோ நோனாகாவிடம் போனது. அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் அகியோவுக்குத் தங்கம்.

2019இல் யான்யா கார்ன்பிரெட் அந்தப் பருவத்தின் ஆறு போல்டரிங் சுற்றுகளையும் ஒன்றுவிடாமல் வென்றார். அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். அகியோ பிறந்து 10 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் யான்யா. அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம் அகியோவுக்கு. ஹச்சியோஜியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் யான்யா தங்கம், அகியோ வெள்ளி. அதில் கிடைத்ததுதான் டோக்கியோவுக்கான அனுமதிச் சீட்டு.

இங்கேதான் ஒலிம்பிக் வைத்த பொறி. ஆண்களுக்கு ஒரு பதக்கத் தொகுப்பு, பெண்களுக்கு ஒரு பதக்கத் தொகுப்பு, அவ்வளவுதான் ஒதுக்கினார்கள். அதனால் ஸ்பீட், போல்டரிங், லீட் மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். மூன்றிலும் பிடித்த இடங்களைப் பெருக்கி, யாருக்குக் குறைந்த எண் வருகிறதோ அவர் வெற்றி. ஸ்பீட் என்பது உலகம் முழுக்க ஒரே மாதிரி அமைத்த 15 மீட்டர் சுவரில் யார் வேகம் என்ற ஓட்டம். முன்பின் பார்க்காத புதிரை அவிழ்ப்பதே போல்டரிங் என்றால், ஆயிரம் முறை பார்த்த பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது ஸ்பீட். நாதஸ்வரக் கலைஞரைத் தவிலும் வாசிக்கச் சொல்லி, இரண்டு மதிப்பெண்ணையும் பெருக்கிப் பரிசு கொடுப்பது மாதிரியான ஏற்பாடு இது. நியாயமில்லை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். 27 வயதுக்கு மேல் அகியோ ஸ்பீட் சுவரில் பாலபாடத்திலிருந்து தொடங்கினார். தொற்றுநோயால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனதில் வயது 32 ஆனது. இதோடு நிறுத்திக்கொள்வேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

2021 ஆகஸ்ட் 6, டோக்கியோவின் அவோமி அரங்கம். பார்வையாளர் இருக்கைகள் காலி. ஸ்பீடில் போலந்தின் அலெக்சாந்த்ரா மிரோஸ்வாவ் 6.84 விநாடியில் உலக சாதனை படைத்தார், அகியோ நான்காவது. அடுத்தது போல்டரிங், அவருடைய சொந்த மண். அன்று வைத்த மூன்று புதிர்களில் எதன் உச்சியையும் அவரால் தொட முடியவில்லை. அவரால் மட்டும் இல்லை. யான்யா இரண்டை முடித்தார், மற்ற ஏழு பேரில் ஒருவர்கூட ஒன்றைக்கூட முடிக்கவில்லை. 21 உலகக்கோப்பை வெற்றிகள் பெற்றவரின் கடைசி போல்டரிங் சுற்று, ஓர் உச்சிகூட இல்லாமல் முடிந்தது. மீண்டும் நான்காம் இடம். மிச்சம் இருந்தது லீட் மட்டும், 16 வயதில் அவரை உலகத்துக்குக் காட்டிய அதே பிரிவு. மேலே போகப் போக முன்கை கனத்து, ஒவ்வொரு பிடியிலும் கையை உதறி உதறி, கடைசியில் கயிற்றில் தொங்கி இறங்கினார். அதிலும் நான்காம் இடம்.

நான்கு, நான்கு, நான்கு. பெருக்கினால் 64. மிரோஸ்வாவுக்கு ஸ்பீடில் ஒன்று, மற்ற இரண்டிலும் எட்டு. அதையும் பெருக்கினால் 64தான். சமமாக வந்ததால், மூன்றில் எத்தனை பிரிவுகளில் யார் முந்தினார் என்று பார்த்தார்கள். போல்டரிங், லீட் இரண்டிலும் அகியோ முன்னால். வெண்கலம் அவருக்கு. யான்யாவுக்குத் தங்கம், மிஹோ நோனாகாவுக்கு வெள்ளி. முடிவு தெரிந்ததும் இரண்டு ஜப்பானியரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எந்தப் பிரிவிலும் முதல் மூன்று இடத்துக்குள் வராமலேயே ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார் அகியோ. அந்த விதியை நான் எவ்வளவு குறை சொன்னாலும், ஒன்றிலும் சரிந்துவிடாதவருக்கு அது பலன் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பரில், இரண்டு முறை போல்டரிங் உலக சாம்பியனான தொமோவா நராசாக்கியைத் திருமணம் செய்துகொண்டார். டோக்கியோவில் ஆண்கள் பிரிவில் நான்காம் இடம் பிடித்துப் பதக்கத்தைத் தவறவிட்டவர் அவர். 2023இல் இவர்களுக்குக் குழந்தை பிறந்தது.

விதியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 2024 பாரிஸில் ஸ்பீடைத் தனியாகப் பிரித்து, போல்டரிங்கையும் லீடையும் மட்டும் சேர்த்தார்கள்; யான்யா மறுபடி தங்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம். போல்டரிங் என்ற பெயரிலேயே ஓர் ஒலிம்பிக் தங்கம் முதன்முதலாகக் கழுத்தில் ஏறப்போவது அப்போதுதான். அந்தக் கோடையில் அகியோவுக்கு 39 வயது ஆகியிருக்கும்.